கேசுயிஸ்ட்ரி: இந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன வைப்பது?

மேசைவிளக்கு · ஞாயிறு, காலை 9:12

வணக்கம். கல்லூரி மாணவர்களுக்கான அறவியல் அறிமுக நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. ஒரே ஒரு சொல்லில் மூன்று வாரமாக நிற்கிறேன்: கேசுயிஸ்ட்ரி. அறத்தின் பொதுவிதியைத் தனித்தனிச் சூழ்நிலைகளோடு பொருத்திப் பார்த்து, இது சரியா தவறா என்று தீர்ப்பது; அதையே தந்திரமாகச் செய்து தப்பிப்பதற்கும் அதே பெயர்.

'குதர்க்கம்' என்று போட்டுவிட்டு முதலில் நகர்ந்தேன். அடுத்த அத்தியாயத்திலேயே அது காலை வாரிவிட்டது. சொல் வரும் இடங்களில் மூன்றை மட்டும் என் மொழியில் தருகிறேன்.

ஒன்று: 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் பாஸ்கல், சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையாரின் கேசுயிஸ்ட்ரியைக் கிழித்தெறிந்தார். இங்கே சொல் வசை.

இரண்டு: இன்றைய மருத்துவமனை அறவியல் குழுக்கள் கேசுயிஸ்ட்ரியைப் பின்பற்றுகின்றன. இங்கே அது ஒரு முறையின் பெயர். வசை எதுவும் இல்லை.

மூன்று: வரி கட்டாதவர் தன் மனச்சாட்சிக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம் வெறும் கேசுயிஸ்ட்ரி. இங்கே பச்சையான ஏமாற்று.

மூன்றுக்கும் ஒரே தமிழ்ச் சொல் பொருந்துமா? பொருந்தாது என்றால் ஒரே நூலில் இரண்டு சொல் வைப்பது மாணவரைக் குழப்பாதா? ஒலிபெயர்த்து விட்டுவிடுவதில் எனக்கு மனமில்லை. நடந்துகொள்ளும் முறையைப் பற்றிய சொல் இது, வாசிக்கிறவருக்கு உள்ளே இறங்க வேண்டும்.


வில்லிதாசன் · ஞாயிறு, காலை 10:05

'தர்ம சூட்சுமம்' இருக்கும்போது எதற்குத் தேட வேண்டும்? சபையில் திரௌபதி கேட்ட கேள்விக்கு பீஷ்மர் சொன்ன பதில் அதுதானே. தன்னைத் தோற்றவன் பிறகு மனைவியைப் பணயம் வைக்க உரிமை உண்டா என்று அவள் கேட்கிறாள். தர்மம் நுட்பமானது, என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை என்கிறார் அவர்.


மேசைவிளக்கு · ஞாயிறு, காலை 10:31

அதை யோசிக்காமல் இல்லை ஐயா. ஆனால் நம் பேச்சில் 'அதுல ஒரு தர்ம சூட்சுமம் இருக்கு' என்றால் மரியாதையோடு சொல்கிறோம். கேட்பவர் கைகட்டிக் கேட்பார். பாஸ்கலின் கோபம் அந்தச் சொல்லில் ஏறாது. இன்னொன்று, பீஷ்மர் அந்த இடத்தில் ஒரு நேர்வையும் ஆராயவில்லை, ஒதுங்கிக்கொண்டார். அவள் கேள்வி அப்படியே நின்றது.


தீப்பாச்சி · ஞாயிறு, காலை 11:20

விதண்டாவாதம்? எல்லாருக்கும் தெரிந்த சொல்.


நியாயம்_படித்தவன் · ஞாயிறு, பகல் 12:48

விதண்டாவாதம் வேண்டாம். நியாயம் என்ற பழைய தர்க்க மரபின் நூல்களில் வாதம், ஜல்பம், விதண்டை என்று மூன்று உண்டு. உண்மையை அறிய இருவர் பேசுவது வாதம். ஜெயிப்பதற்காகப் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு கட்சியும் இல்லாமல் எதிராளி சொன்னதை உடைப்பது மட்டும் விதண்டை. கேசுயிஸ்டுக்கோ கட்டாயம் ஒரு கட்சி உண்டு: 'இது பாவமில்லை' அல்லது 'இது பாவம்' என்று தீர்ப்புச் சொல்லித்தான் முடிக்கிறார்.

அதே நூல்களில் 'சலம்' என்று ஒன்று வருகிறது. சொல்லின் இரட்டைப் பொருளைப் பிடித்துக்கொண்டு எதிராளியை மடக்குவது. 'நவ கம்பளம் வைத்திருக்கிறான்' என்று ஒருவன் புதுக் கம்பளத்தைச் சொன்னால், 'நவம் என்றால் ஒன்பது, ஒன்பது எங்கே இருக்கிறது?' என்று இன்னொருவன் கேட்பது. கேசுயிஸ்ட்ரிக்குக் கெட்ட பெயர் வாங்கிக்கொடுத்த உத்திகளில் ஒன்றுக்கு இது மிகப் பொருத்தம். முழுச் சொல்லுக்கும் ஈடாகாது.

குதர்க்கமும் அப்படியே. கணக்கிலும் குதர்க்கம் பண்ணலாம், கிரிக்கெட்டிலும் பண்ணலாம். நமக்கு வேண்டிய சொல்லில் அறம் இருந்தாக வேண்டும்.


பழைய_குருமட மாணவன் · ஞாயிறு, மாலை 4:10

ஆறு ஆண்டு குருமடத்தில் படித்து, குருப்பட்டம் வாங்காமல் வெளியே வந்தவன். எங்களுக்கு ஒழுக்க இறையியல் எடுத்த சாமியார் வாரம் ஒரு நேர்ச்சியை, அதாவது கற்பனையான ஒரு பாவசங்கீர்த்தனத்தை (குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது), முன்னால் வைத்து 'நீ என்ன சொல்லுவ?' என்று கேட்பார். இந்த இழையைப் பார்த்ததும் அவர் குரல் காதில் விழுந்தது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லத்தீனில் 'காசுஸ்' என்றால் விழுந்தது, வந்து நேர்ந்தது. அதிலிருந்து பிறந்த சொல் இது. சட்டம் பொதுவாகப் பேசும்; மனிதனுக்கு நேர்வது தனித்தனியாக நேரும். இரண்டையும் பொருத்திப் பார்க்கும் வேலைதான் மூலப் பொருள்.

இந்த வேலை ஏன் இவ்வளவு பெருகியது என்பதற்குக் காரணம் இருக்கிறது. 1215இல் நான்காம் லாத்தரான் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை, விவரம் தெரிந்த ஒவ்வொரு கிறிஸ்தவனும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றது. 1551இல் திரெந்து சங்கம் இன்னும் போனது. சாவான பாவங்களை வகையும் எண்ணிக்கையும் சொல்லி, பாவத்தின் தன்மையையே மாற்றும் சூழ்நிலைகளையும் சொல்ல வேண்டும் என்றது. இனி, கேட்கும் குருவை நினைத்துப் பாருங்கள். பட்டினி கிடந்தவன் ரொட்டி எடுத்ததும் கோயில் உண்டியலில் ஒருவன் கைவைத்ததும் ஒரே களவு இல்லை. கடன் பத்திரத்தில் எழுதிய வட்டி, கொள்ளைக்காரனுக்குக் கொடுத்த வாக்கு, மிரட்டி வாங்கிய திருமண சம்மதம் எல்லாம் அவர் முன்னால் வந்து மண்டியிடுகிறது. சாதாரண ஊர்ப் பங்குக் குரு எப்படித் தீர்ப்பார்? அதற்காகத்தான் நேர்வுகளைத் தொகுத்த பெரிய பெரிய நூல்கள் வந்தன. இதில் முன்னால் நின்றது சேசு சபை.

கெட்டுப்போனது எங்கே? 1577இல் ஸ்பெயினின் சாலமான்காவில் இருந்த மெதினா என்ற தொமினிக்கன் சபைத் துறவி ஒரு கொள்கையைச் சொன்னார். ஒரு கருத்துக்கு நல்ல காரணமோ தக்க ஆசிரியரின் ஆதரவோ இருந்தால், எதிர்க்கருத்து அதைவிட வலுவாக இருந்தாலும், முன்னதைப் பின்பற்றலாம். சந்தேகத்தில் தவிக்கும் எளியவனுக்கு ஆறுதலாகத்தான் இது தொடங்கியது. போகப்போக, நமக்குச் சாதகமாக ஒரே ஒரு ஆசிரியர் எழுதியிருந்தால் போதும் என்று ஆகிவிட்டது. பணக்காரனுக்கும் பிரபுவுக்கும் ஆசிரியர் கிடைக்காமலா போவார்?

பாஸ்கல் 1656 ஜனவரியிலிருந்து 1657 வரை, வேறு பெயரில், 18 கடிதங்கள் வெளியிட்டார். அதில் ஒரு நேர்வு எனக்கு இன்றும் மறக்கவில்லை. ஒற்றைக்கு ஒற்றை வாள்சண்டை திருச்சபையால் தடைசெய்யப்பட்டது. அழைப்பு வந்த பிரபு போகாவிட்டால் கோழை என்பார்கள். அவன் என்ன செய்யலாம்? சண்டைக்கென்று போகாமல், உலாவப் போவதாக எண்ணிக்கொண்டு அந்த மைதானத்துக்குப் போகலாம். அங்கே எதிராளி வந்து தாக்கினால் தற்காத்துக்கொள்வது பாவமில்லையே! 'எண்ணத்தைத் திருப்புதல்' என்று இதற்குப் பெயர். பாஸ்கல் அதிகம் குறிவைத்தவர்களில் ஒருவர் எஸ்கோபார். அவர் பெயரிலிருந்து மழுப்புதல் என்ற பொருளில் பிரெஞ்சில் ஒரு வினைச்சொல்லே உருவானது. திருச்சபை கடிதங்களைத் தடைப்பட்டியலில் போட்டது. ஆனால் 1679இல் பாப்பு 11ஆம் இன்னொசென்ட், தளர்வான 65 கருத்துகளைத் தாமே கண்டித்தார். பாஸ்கல் சொன்னதில் பெரும்பகுதி சரி என்றுதான் ஆயிற்று.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் பரவியதே இந்தச் சண்டைக்குப் பிறகு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் போப் என்ற ஆங்கிலக் கவிஞர், நிலவில் போய்ச் சேரும் உதவாத பொருள்களைப் பட்டியலிடும்போது உலர்ந்த பட்டாம்பூச்சிகளோடு கேசுயிஸ்ட்ரித் தொகுதிகளையும் சேர்த்தார். வசையாகவே அது அந்த மொழிக்குள் உலவியது என்பதால் உங்கள் சிக்கல் அங்கேயே இருக்கிறது. தமிழின் குறை இல்லை.


ஓய்வு_எழுத்தர் · ஞாயிறு, இரவு 8:33

மேலே ஐயா 'நேர்ந்தது' என்று எழுதியதும் எனக்குப் பொறி தட்டியது. 31 ஆண்டு வருவாய்த் துறையில் கோப்பு எழுதியவன் நான். 'இந்நேர்வில்', 'மேற்படி நேர்வினைப் பரிசீலித்து' என்று எழுதாத நாள் இல்லை. நேர்வு என்றால் கேஸ். வழக்கு என்று போட்டால் நீதிமன்றம் வந்து நிற்கும். குறளுரையின் தொடக்கத்தில் பரிமேலழகர் அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என்று மூன்றாகப் பிரிக்கும்போதும் வழக்கு என்பது 'எனது எனது' என்று இருவர் பொருளுக்குச் சண்டை போடுவதுதான். நேர்வு அப்படியில்லை. நேர்தல் என்ற வினையிலிருந்து வந்தது, லத்தீன்காரர் சொன்ன அதே பொருள்.

ஆகவே 'நேர்வறம்' அல்லது 'நேர்வாய்வு' என்று பரிந்துரைக்கிறேன். நல்ல பொருளுக்கு.

கெட்ட பொருளுக்கு ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். முதியோர் உதவித்தொகைக்கு ஒரு பாட்டி விண்ணப்பித்தார். ஆதரவற்றவராக இருக்க வேண்டும் என்பது விதி. அவருக்கு மகன் உண்டு, ரேஷன் அட்டையிலும் பெயர் இருந்தது. மகன் வேறு ஊரில், பத்து வருடமாக எட்டிப் பார்க்கவில்லை. நேரில் போய் விசாரித்தேன். பக்கத்து வீட்டில் சோறு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். 'மகன் இருப்பினும் ஆதரவு இல்லாத நேர்வு' என்று எழுதிப் பரிந்துரைத்தேன். அனுமதி வந்தது.

அடுத்த மாதமே இன்னொரு விண்ணப்பம். செல்வாக்குள்ள குடும்பம். மாடி வீடு, இரண்டு மகன்கள் கூடவே. 'தனி அடுப்பு வைத்திருக்கிறார்' என்றார்கள். எனக்கு மேலே இருந்தவர் போன மாதக் கோப்பை எடுத்துக் காட்டி, 'நீ எழுதின அதே வாக்கியத்தை இதுலயும் எழுது' என்றார். என் வாக்கியம், என் கையெழுத்து. எழுத மாட்டேன் என்றேன். இன்னொருவரை வைத்து எழுதிவிட்டார்கள்.

இரண்டு கோப்பிலும் ஒரே வாக்கியம். முதலாவதில் நான் போய்ப் பார்த்துவிட்டு எழுதினேன். இரண்டாவதில் முடிவு முதலில் வந்துவிட்டது, காரணம் அதன் பின்னால் தேடப்பட்டது. அந்த இரண்டாவதற்கு என் ஊரில் 'நியாயப் புரட்டு' என்பார்கள்.


தீப்பாச்சி · ஞாயிறு, இரவு 9:02

சப்பைக்கட்டு? சால்ஜாப்பு?


யாழ்_வாசகன் · ஞாயிறு, இரவு 9:40

எங்கட பக்கம் 'சாட்டு' எண்டு சொல்லுவம். 'சும்மா சாட்டுச் சொல்லாதை.' ஆனா சாட்டும் சால்ஜாப்பும் செய்து முடிச்ச பிறகு சொல்லுறது. பாஸ்கல் சொன்ன அந்தப் பிரபு, போறதுக்கு முன்னமே தனக்கு வழி செய்துகொண்டு போறான். அதாலதான் அது கூடப் பயங்கரம். புரட்டு எண்ட சொல் ரெண்டுக்கும் பொருந்தும். நான் எழுத்தர் ஐயாவின்ர பக்கம்.


வில்லிதாசன் · திங்கள், காலை 7:15

எழுத்தர் ஐயாவின் இரண்டு கோப்பைப் படித்துவிட்டு இரவெல்லாம் பாரதத்தைப் புரட்டினேன். அங்கேயும் இரண்டு கோப்பு இருக்கிறது.

கர்ண பருவத்தில், தருமர் கோபத்தில் அர்ச்சுனனைப் பார்த்து 'காண்டீவத்தை வேறு யாரிடமாவது கொடு' என்று சொல்லிவிடுகிறார். அப்படிச் சொல்பவனைக் கொல்வேன் என்பது அர்ச்சுனனின் சபதம். வாளை உருவிவிட்டான். கண்ணன் தடுத்து, கௌசிகன் கதையைச் சொல்கிறான். உண்மையே பேசுவேன் என்று விரதம் பூண்ட தவசி கௌசிகன். கொள்ளையருக்குப் பயந்து ஓடியவர்கள் எங்கே ஒளிந்தார்கள் என்று கொள்ளையரே வந்து கேட்டபோது உண்மையைச் சொன்னான். அவர்கள் கொல்லப்பட்டார்கள். கௌசிகன் நரகம் போனான். பிறகு கண்ணன் சொல்லும் வழி: பெரியவரை 'நீ' என்று ஒருமையில் அவமதிப்பது அவரைக் கொன்றதற்குச் சமம். அப்படியே திட்டிவிடு, சபதம் நிறைவேறும். அர்ச்சுனன் திட்டுகிறான். திட்டிய குற்றத்துக்காகத் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளப் போகிறான். தற்புகழ்ச்சி தற்கொலைக்குச் சமம், உன்னைப் புகழ்ந்துகொள் என்கிறான் கண்ணன். இரண்டு உயிர் தப்பியது.

துரோண பருவத்தில் 'அசுவத்தாமன் இறந்தான்' என்று உரக்கச் சொல்லி, 'யானை' என்பதைத் தருமர் வாய்க்குள் முணுமுணுக்கிறார். சொல்லளவில் பொய் இல்லை. அதுவரை மண்ணைத் தொடாமல் நான்கு விரல் உயரத்தில் ஓடிய அவர் தேர் தரையில் இறங்கிவிடுகிறது.

ஒரே கவி, ஒரே கண்ணன். முதலாவதில் நுட்பம் உயிரைக் காத்தது, யாரும் ஏமாறவில்லை, திட்டு வாங்கியவருக்கும் எல்லாம் தெரியும். இரண்டாவதில் கேட்டவர் ஏமாறுவதற்காகவே அந்த நுட்பம். ஆகவே 'தர்ம சூட்சுமம்' என்ற என் முதல் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டு சொல் வேண்டும்.


கீழைக்கரையான் · திங்கள், காலை 8:50

ஒரு சிறு சேர்க்கை. எங்களிடம் 'ஹீலா' என்ற சொல் உண்டு, பன்மையில் ஹியல். ஷரீஅத்தின் எழுத்தை மீறாமல் அதன் நோக்கத்தைத் தாண்டிப் போகும் உபாயம். எல்லாரும் சொல்லும் உதாரணம்: சொத்து கையில் ஒரு வருடம் முழுதாக இருந்தால்தான் ஜகாத் என்ற கட்டாயக் கொடை. வருடம் முடியப் போகும்போது மனைவிக்கு அன்பளிப்பாக எழுதிவைத்துவிட்டுப் பிறகு திரும்ப வாங்கிக்கொள்வது. புகாரி தம் ஹதீஸ் தொகுப்பில் ஹியல்களுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கினார், அவற்றை மறுப்பதற்காக. அதே நேரம், ஹராமில் விழாமல் கஷ்டத்திலிருந்து தப்ப வைக்கும் ஹீலாவை அனுமதித்த சட்ட அறிஞர்களும் உண்டு. சொல் ஒன்று, மதிப்பு இரண்டு. உங்கள் லத்தீன் சொல்லின் கதைதான்.


வார்டு_எண்_7 · திங்கள், இரவு 11:40

டூட்டி முடிந்து இப்போதுதான் படித்தேன். புற்றுநோய் வார்டில் செவிலியராக இருக்கிறேன். மேசைவிளக்கு அக்கா குறிப்பிட்ட இரண்டாவது இடம் என் தினசரி வேலை.

உள்ளே சேர்க்கும்போதே மகன் வந்து, 'அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர், தாங்க மாட்டார்' என்பார். நாங்கள் 'கட்டி' என்போம், 'புண்' என்போம். கதிர்வீச்சை 'கரண்ட் வைக்கிறது' என்பது எல்லார் வாயிலும் பழகிப்போன சொல். எதுவும் பொய் இல்லை. முழுசும் இல்லை. மனதுக்குள் மீதியை வைத்துக்கொண்டு பாதியைச் சொல்வதற்கு ஐரோப்பாவில் ஒரு பெயரே உண்டு என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்.

போன வருடம் ஒரு பெரியவர். ராத்திரி ரெண்டு மணி. என் கையைப் பிடித்துக்கொண்டு, 'ஏம்மா, எனக்கு என்னன்னு நீயாவது சொல்லு. நெலம் மூணு புள்ளைக்கும் பிரிக்கணும்' என்றார். அந்த நிமிஷம் 'உண்மையே பேசு' என்ற விதியும் உதவவில்லை, 'குடும்பம் சொன்னபடி கேள்' என்ற விதியும் உதவவில்லை. அவருக்கு என்ன தெரிந்திருக்கிறது, எதைக் கேட்கிறார், எதற்காகக் கேட்கிறார் என்று பார்க்க வேண்டியிருந்தது. அவர் நிலத்துக்காகக் கேட்டார். 'காலையில டாக்டரை உங்க முன்னாடியே உட்கார வைக்கிறேன். நீங்க கேட்குறதுக்கு அவர் நேரா பதில் சொல்வார். நிலத்தைத் தள்ளிப் போடாதீங்க' என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'அப்ப சரி' என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது.

இந்த முறைக்கு மறுவாழ்வு கிடைத்த கதையும் தெரிந்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவில் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களுக்குச் சிபிலிஸ் நோய்க்குச் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்தார்கள். அந்தக் கொடுமை வெளியே வந்த பிறகு, 1974இல் ஆய்வுக்கு உட்படும் மனிதர்களைக் காக்க ஒரு தேசிய ஆணையம் அமைத்தார்கள். ஜான்சன் என்ற அறவியலாளர் உறுப்பினர், டூல்மின் என்ற தத்துவ அறிஞர் ஆலோசகர். வெவ்வேறு மதமும் தொழிலும் கொண்ட உறுப்பினர்கள் குழந்தைகளை வைத்து ஆய்வு செய்யலாமா, கைதிகளை வைத்து செய்யலாமா என்று ஒவ்வொரு நேர்வாகப் பேசும்போது பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். ஏன் அந்த முடிவு என்று கேட்டால்தான் பிரிந்தார்கள். இதைப் பார்த்துவிட்டு அந்த இருவரும் 1988இல் கேசுயிஸ்ட்ரியின் வரலாற்றை எழுதினார்கள். தலைப்பிலேயே ஒரு சொல் வருகிறது: அதற்கு 'வசை' என்றும் பொருள், 'முறைகேடான பயன்பாடு' என்றும் பொருள். அந்த முறையை வைதவர்களும் உண்டு, கெடுத்தவர்களும் உண்டு என்பதை ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள்.

எழுத்தர் ஐயா சொன்ன 'நேர்வாய்வு' எங்கள் வார்டில் யாருக்கும் புரியும். அதை வையுங்கள்.


நியாயம்_படித்தவன் · செவ்வாய், காலை 6:55

சகோதரி எழுதியதைப் படித்ததும் குறளுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. 'பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்.' பலரும் இதைப் பொய் சொல்ல அனுமதிச் சீட்டாகக் காட்டுகிறார்கள். 'புரைதீர்ந்த' என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். குற்றம் நீங்கிய நன்மை. அடுத்த குறளே 'தன்நெஞ் சறிவது பொய்யற்க' என்று வந்து வழியை மறித்து நிற்கிறது.

இதைவிட இந்த இழைக்கு நேரடியாகப் பொருந்துவது 656ஆம் குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய உரை. 'ஈன்றாள் பசிகாண்பான் ஆயினுஞ் செய்யற்க சான்றோர் பழிக்கும் வினை.' இங்கே அவருக்கு ஒரு சிக்கல். மூத்த பெற்றோரும் கற்புடைய மனைவியும் குழந்தையும் பசியால் வாடும்போது தீயன பலவும் செய்தாவது காப்பாற்று என்று அறநூலில் ஒரு பொதுவிதி இருக்கிறது. குறள் அதற்கு எதிராகப் பேசுகிறதே! அவர் தரும் தீர்வு: இந்தக் குறள் அமைச்சனைப் பற்றிய வினைத்தூய்மை அதிகாரத்தில் நிற்கிறது. அரசன் வேலையில் இருப்பவன், நன்மதிப்பு உடையவன் அமைச்சன். அவனுக்கு அந்தப் பொதுவிதி எய்தாது.

விதி, அதற்கு எதிர்விதி, யாருக்கு எது பொருந்தும் என்று ஆளையும் நிலையையும் பார்த்துப் பிரித்தல். இது சுத்தமான நேர்வாய்வு. கவனியுங்கள், பதவியில் இருப்பவனுக்கு அவர் கயிற்றைத் தளர்த்தவில்லை, இறுக்குகிறார். பாஸ்கலின் பிரபுக்களுக்கு நடந்தது நேர்மாறு.


நெல்லைச்சீமை · செவ்வாய், இரவு 10:18

எல்லாரும் நன்றாக எழுதுகிறீர்கள். ஒன்று விடுபட்டுவிட்டது. சேசு சபை, கேசுயிஸ்ட்ரி என்று பேசிவிட்டு மதுரையைப் பேசாமல் போக முடியாது.

ராபர்ட் தெ நோபிலி என்ற இத்தாலிய சேசு சபைக் குரு 1606இல் மதுரை வந்தார். குடுமி, பூணூல், சந்தனம், காவி. அதே ஊரில் இருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற சொந்தச் சபைக் குருவே எதிர்த்து எழுதினார். கேள்வி இதுதான்: பூணூல் மதச் சின்னமா, குலச் சின்னமா? மதம் என்றால் கிறிஸ்தவன் அணிவது பாவம். குலம் என்றால் பாவமில்லை. நோபிலி நம் நூல்களை எல்லாம் படித்து, இது சமூக மரியாதையின் அடையாளம் என்று வாதாடினார். 1619இல் கோவாவில் கூடிப் பேசினார்கள். 1623இல் பாப்பு 15ஆம் கிரகோரி, மூடநம்பிக்கை நீக்கிப் பயன்படுத்தலாம் என்று அனுமதி தந்தார். அசல் கேசுயிஸ்ட்ரி. அந்த மனிதர் தமிழுக்குச் செய்ததை நான் மதிக்கிறேன், உரைநடையில் அவர் பங்கு பெரிது.

ஆனால் 'இது மதம் இல்லை, வெறும் சமூக வழக்கம்' என்று ஒரு கோடு கிழித்தால் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் என்னவெல்லாம் போய் உட்கார்ந்தது? சாதி முழுசாகப் போய் உட்கார்ந்தது. பிராமணருக்கு ஒரு குரு, எங்களைப் போன்றவர்களுக்குப் பண்டாரசாமி. ஒருவர் இன்னொருவரோடு வெளிப்படையாகப் பழகக் கூடாது. 1704இல் பாப்புவின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் இந்த வழக்கங்களில் பலவற்றுக்குத் தடை போட்டார். சண்டை 1744 வரை நீண்டது. முடிவில் பறையருக்குத் தனிக் குருக்கள் என்ற ஏற்பாட்டை ரோமே ஏற்றது. வடக்கன்குளத்தில் ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கைகளாகக் கோயில் கட்டி நடுவில் சுவர் வைத்தார்கள். அந்தச் சுவர் 1910இல்தான் இடிந்தது. என் ஊரில் கல்லறைத் தோட்டம் இன்றும் இரண்டு. என் தாத்தா எந்தப் பக்கம் கிடக்கிறார் என்று சொல்ல வேண்டியதில்லை.

நோபிலி முடிவை முதலில் வைத்துக்கொண்டு காரணம் தேடியவர் என்று நான் சொல்லவில்லை. நேர்மையாக ஆராய்ந்தார். எழுத்தர் ஐயா சொன்ன சோதனையில் அவர் தேறிவிடுவார். ஆனாலும் கேடு வந்தது. ஏனென்றால் அந்த நேர்வை ஆராய்ந்தபோது யாரைப் பார்த்தார்கள்? பூணூல் போட்டவனை மட்டும். அந்தப் பூணூலைப் பார்த்து விலகி நிற்க வேண்டியவனை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. உங்கள் விளக்கக் குறிப்பில் இதையும் எழுதுங்கள்.


பழைய_குருமட மாணவன் · செவ்வாய், இரவு 11:52

தம்பி, இரண்டு தடவை படித்தேன். நான் நீளமாக எழுதினேன், ஐரோப்பாவை எல்லாம் சுற்றினேன், மதுரையை விட்டுவிட்டேன். குருமடத்தில் நோபிலியை எங்களுக்குப் பண்பாட்டுத் தழுவலின் வீரராகக் கற்பித்தார்கள், நேர்வாகக் கற்பிக்கவே இல்லை. ஒரு தேதி மட்டும் சேர்க்கிறேன். நோபிலி மயிலாப்பூரில் இறந்தது 1656 ஜனவரி. பாரிசில் பாஸ்கலின் முதல் கடிதம் வந்ததும் அதே ஜனவரி.


வில்லிதாசன் · புதன், காலை 7:30

நெல்லைச்சீமை சொன்னது பாரதத்துக்கும் பொருந்துகிறது. அன்று சபையில் கேள்வி கேட்டவள் நடுவில் நின்றாள். பேசியவர்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தவர்கள்.


மேசைவிளக்கு · புதன், மாலை 6:05

எல்லாருக்கும் நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறேன்.

முறையைக் குறிக்கும் இடங்களில் 'நேர்வாய்வு'. நெறியாகக் கருதப்படும் இடங்களில் 'நேர்வாய்வு அறவியல்'. வசையாக வரும் இடங்களில் 'அறப்புரட்டு'. எழுத்தர் ஐயாவின் 'நியாயப் புரட்டை' ஒட்டி, அறம் என்ற சொல் உள்ளே வர வேண்டும் என்று கேட்டதற்காக. பாஸ்கல் அத்தியாயத்தில் இரண்டும் வருகிறது. அந்த வாக்கியம் இப்போது இப்படி இருக்கிறது: 'சேசு சபையாரின் நேர்வாய்வு அறப்புரட்டாகச் சரிந்துவிட்டது என்று பாஸ்கல் குற்றம் சாட்டினார்.' மூலத்தில் ஒரே சொல்லுக்குள் புதைந்து கிடந்த குற்றச்சாட்டு தமிழில் வெளியே தெரிகிறது. இது மூலத்தை மீறுவதா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஆசிரியர் சொல்ல வந்தது இதைத்தான் என்று எனக்குப் பட்டது. மூல ஆசிரியருக்கும் எழுதிக் கேட்டிருக்கிறேன்.

முதல் தடவை வரும் இடத்தில் அரைப்பக்க அடிக்குறிப்பு எழுதுகிறேன். அதில் 656ஆம் குறளுரையும் மதுரையும் வருகின்றன. நெல்லைச்சீமை, வடக்கன்குளம் சுவரைப் பற்றிய வரியை நீங்களே எழுதித் தர முடியுமா? நான் எழுதினால் வெளியில் நின்று பார்ப்பதாக இருக்கிறது.


நெல்லைச்சீமை · புதன், இரவு 9:47

எழுதித் தருகிறேன் அக்கா. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன். அம்மாவிடமும் கேட்டுக்கொண்டு வருகிறேன், அவருக்கு அவருடைய பாட்டி சொன்ன விவரம் தெரியும்.